ரீச்சரிடம் கேளுங்கள்: பத்து செக்கன் என்றால் பத்து செக்கன்தானா?

மாரி தொடங்கிவிட்டது. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. அதனாலோ என்னவோ, இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் கொம்பியூட்டர் நின்று திரும்ப எழும்பும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தைப் பற்றியவை. முதலாவது கேள்வி நீளம், பதிலும் நீளம். பொறுமை இல்லாதவர்கள் கீழேயுள்ள சின்னக் கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: மென்பொருள் பராமரிப்பவர், கல்முனை

ரீச்சர், ஒரு மருந்துக்கடையின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்), பழைய ஹார்ட் டிஸ்க். போன கிழமை கரண்ட் போய், யூ.பி.எஸ்.ஸும் கைவிட்டு, சேர்வர் அப்படியே நின்றுவிட்டது. திரும்பப் போட்டபோது தரவுத்தளம் எழும்ப இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. லொக்கில் (நடப்பதை அது எழுதிவைக்கும் பதிவேட்டில்), ஃபைல்களை டிஸ்க்கில் உறுதிப்படுத்திக்கொண்டிருப்பதாகவும் தொடங்கி இத்தனை செக்கன் ஆகிறது என்றும் ஒன்றன்பின் ஒன்றாக மெசேஜ் வந்தது. செக்கன்கள் இவை: 10.00, 20.01, 30.00, 47.32, 50.00, 60.00, 84.15, 94.15, 104.15. பத்துக்கு ஒன்று வரவேண்டியது ஏன் இப்படித் தள்ளாடுகிறது? 47க்குப் பிறகு மூன்று செக்கன்கூட ஆகாமல் 50 வந்துவிட்டது. ஆனால் 84க்குப் பிறகு 90 வராமல் 94 வந்தது ஏன்? இன்னொன்று: மருமகன் எழுதிய பைதன் புரோகிராம் ஒன்று காலையில் தொடங்கியதும் மருந்து விலைகளை ஏற்றும். பத்து செக்கனுக்கொரு தடவை எத்தனை மருந்து ஏறியது என்று சொல்லும். அது 10.0, 20.3, 30.6, 40.9 என்று நழுவிக்கொண்டே போகிறது. மதர்போர்ட்டில் உள்ள மணிக்கூடு பழுதா?

பதில்:

மணிக்கூடு நல்லாத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று பிந்துவது. மற்றது நழுவுவது. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குக் கொம்பியூட்டரால் விளங்கியதல்ல, பாதையால் விளங்கியது. றோட்டைச் சொல்லவில்லை, ஆட்களை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். படுவான்கரைக்காரருக்கு விளக்கம் தேவையில்லை.

நான் மண்டூர். பள்ளிக்கூடத்துக்கு விடிய எழும்பி, பாதையில் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ். பாதை அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், கிழமை மாறி மாறி வருவார்கள். ஒருவர் கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைப் பார்த்து ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை என்று எடுப்பார். ஒரு நாள் யாரோ மாட்டை ஏற்றப்போய் ஆறரைப் பாதை ஆறு நாற்பதுக்குத்தான் போனது. ஆனால் ஏழு மணிப் பாதை ஏழு மணிக்கே போனது. மாடு தின்ற பத்து நிமிடம் அதோடு சரி. மற்றவர் வேறு விதம். "ஆக்களை இறக்கி முடிச்சு அரை மணித்தியாலம் நிண்டாத்தான் நான் எடுப்பன்" என்பார். இறக்க ஐந்து நிமிடம். ஆகவே ஆறு, ஆறு முப்பத்தைந்து, ஏழு பத்து, ஏழே முக்கால். யாரும் மாடு ஏற்றவில்லை, என்ஜின் பழுதாகவில்லை, அவரும் சோம்பேறி இல்லை. ஆனாலும் அவருடைய கிழமையில் நான் ஒவ்வொரு நாளும் ஏழரை பஸ்ஸை விட்டேன்.

உங்கள் மருமகனின் புரோகிராம் இரண்டாமவர். பத்து செக்கன் தூங்குகிறது, எழும்புகிறது, எத்தனை மருந்து ஏறியது என்று தரவுத்தளத்தில் எண்ணிச் சொல்கிறது, மறுகா திரும்பப் பத்து செக்கன் தூங்குகிறது. எண்ண 0.3 செக்கன். அந்த 0.3 ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த சுற்றின் தலையில் ஏறுகிறது. ஒரு மணித்தியாலம் விட்டுப்பாருங்கள்: 360 மெசேஜ் வரவேண்டிய இடத்தில் 349தான் வரும். மருந்து ஏற ஏற எண்ணும் நேரமும் கூடினால் இன்னும் குறையும்.

திருத்துவது சுகம். 'இப்போதிலிருந்து பத்து' என்று கணக்குப் போடாமல், தொடக்க நேரத்தை ஒரு தடவை எடுத்துவைத்துக்கொண்டு 'அடுத்தது = தொடக்கம் + 10 × எத்தனையாவது தடவை' என்று போடச்சொல்லுங்கள். அந்த அடுத்ததுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தூங்கவேண்டும். எண்ண 0.3 போனால் 9.7 தூங்கும். 2 செக்கன் போனால் 8 தூங்கும். இதில் மருமகன் இடறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. எண்ணவே 12 செக்கன் போய்விட்டால் மிச்சம் கழித்தல் 2. பைதனிடம் கழித்தல் இரண்டு செக்கன் தூங்கு என்றால் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த நேரத்தில் போன தடவையைப் போனதாக விட்டு, அதற்கு அடுத்த தடவைக்குத் தாவச் சொல்லவேண்டும். இன்னொன்றையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். மெசேஜில் அச்சடிப்பது உண்மையில் எத்தனை செக்கன் ஆனது என்பதைத்தான். '10 × தடவை'யை அப்படியே அச்சடித்து 40.00, 50.00 என்று அழகுபார்க்கக் கூடாது. மாடு ஏறிய நாளிலும் ஆறரைக்குப் போனதாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிற வேலை அது.

இனி போஸ்ட்கிரெஸ். இந்த மெசேஜ்கள் அதன் 15ஆம் பதிப்பில், 2022 ஒக்டோபரில் வந்தவை. அதற்கு முன் தரவுத்தளம் விழுந்து எழும்பும்போது அரை மணித்தியாலம் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஊமைதான். அந்த ஊமைக்காலத்தில் நானே ஒரு கூத்து நடத்தியிருக்கிறேன். சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை, அறுவடைக்காலம், வெளியில் லொறிகள் வரிசையில். தரவுத்தளம் எழும்பவில்லை. இருபது நிமிடம் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. இறுகிவிட்டது என்று நினைத்து புரோசெஸைக் கொன்று திரும்பப் போட்டேன். அது பாவம், செய்துகொண்டிருந்த வேலையை முதலிலிருந்து தொடங்கியது. திரும்பவும் கொன்றேன். மூன்றாம் தடவை ஆலை முதலாளி பிளேன்ரீ கொண்டுவந்து கையில் தந்ததால் குடித்து முடியும்வரை சும்மா இருந்தேன். அதற்குள் எழும்பிவிட்டது. இன்றைக்குப் போல 'இன்னும் வேலை நடக்கிறது, இந்த ஃபைலில் நிற்கிறேன்' என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த இரண்டு கொலையும் நடந்திராது.

சரி, உங்கள் எண்கள். போஸ்ட்கிரெஸ் முதலாமவர், கைமணிக்கூட்டுக்காரர். 10, 20, 30, 40 என்று திட்டமிட்ட நேரத்திலிருந்துதான் அடுத்ததைக் கணக்கிடும். பிறகு ஏன் 47.32?

பத்து செக்கனுக்கொரு தடவை உள்ளே ஒரு அலாரம் அடிக்கும். அடித்த கணத்திலேயே போஸ்ட்கிரெஸ் மெசேஜ் எழுதுவதில்லை. எழுதவும் கூடாது. அலாரம், நடந்துகொண்டிருக்கும் வேலையை எந்த இடத்திலும் இடைமறிக்கும். பாதி வேலையில் நினைவகத்தையும் லொக்கையும் தொட்டால் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே அலாரத்தைப் பிடிக்கிற சின்னத் துண்டு புரோகிராம் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுப் போய்விடும். பெரிய வேலை ஒவ்வொரு ஃபைலைத் தொடும் முன்னும் 'கொடி நிற்கிறதா?' என்று பார்க்கும். நின்றால் மெசேஜ். இனி, ஃபைலில் உள்ளதை உண்மையிலேயே டிஸ்க்கில் எழுதிமுடி என்று கேட்கும் வேலை இருக்கிறதே, அது லினக்ஸின் உள்வீட்டுக்குள் போய்விட்டால் டிஸ்க் பதில் சொல்லும்வரை திரும்பி வராது. அதுவரை கொடி உயர்ந்தாலும் பார்க்க ஆளில்லை. பெரும்பாலும் கொடியை உயர்த்துகிறவரே உள்ளே மாட்டிக்கொண்டிருப்பார்.

ஆக, 40.00க்கு முன் தொட்ட ஏதோ ஒரு ஃபைல் 47.32 வரை விடவில்லை. விட்டதும் கொடியைப் பார்த்தது, மெசேஜ் போட்டது. அடுத்தது 40 + 10, அதாவது 50.00. சரியாக அப்போது வந்தது. அந்த ஏழு செக்கன் அந்த இடத்திலேயே செத்தது.

84.15 இன்னும் சுவையானது. வரவேண்டியது 70.00. டிஸ்க் விட்டபோது 84.15. 70 + 10 = 80, அதுவும் தாண்டிப்போய்விட்டது. இப்படி ஒரு முழுச்சுற்றே தவறிப்போனால் என்ன செய்வது என்று எழுதியவர்கள் முன்கூட்டியே முடிவெடுத்துவைத்திருக்கிறார்கள்: திட்ட நேரத்தை விட்டுவிட்டு, இப்போதிலிருந்து பத்து. ஆகவே 94.15. அதற்கடுத்தது 94.15 + 10. அந்த .15 கூடவில்லை என்பதைப் பாருங்கள். 94.15, 104.15. மருமகனின் 0.3 போல 0.6, 0.9 ஆகவில்லை. நழுவவில்லை, ஒரு தடவை மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

என்னிடம் கேட்டிருந்தால் 90.00க்குத் தாவச் சொல்லியிருப்பேன், மருமகனுக்குச் சொன்னதுபோல. பத்தின் மடங்குகளில் நின்றால் லொக்கில் கண்ணோட்டம் விடச் சுகம். ஆனால் அவர்கள் செய்ததும் குறைசொல்ல முடியாத வேலை. செய்யக்கூடாததைச் செய்யவில்லை: தவறிப்போன 70, 80 இரண்டையும் சேர்த்து 84இல் இரண்டு மெசேஜாகக் கொட்டவில்லை. பழைய பாக்கியைத் தீர்க்கிறேன் என்று காலிப் பாதையை இரண்டு தடவை அக்கரைக்குக் கொண்டுபோய் வருவதில் யாருக்கு என்ன லாபம்?

20.01இல் உள்ள அந்த ஒன்றை விட்டுவிடுங்கள். நூறில் ஒரு செக்கன்.

இவ்வளவும் நீங்கள் கேட்டது. கேட்காததுதான் முக்கியம். 40.00க்கும் 47.32க்கும் இடையில் கொடியைப் பார்க்கிற இடத்துக்கு ஒரு தடவைகூட அது வரவில்லை. அதாவது ஒரே ஒரு ஃபைல் குறைந்தது 7.32 செக்கன் பிடித்துவைத்திருந்தது. மற்றது குறைந்தது 14.15 செக்கன். மருந்துக்கடைத் தரவுத்தளத்தில் ஒரு ஃபைலுக்குப் பதினான்கு செக்கன் என்பது வேலைப்பளு அல்ல, மனே. டிஸ்க் சாகக் கிடக்கிறது. படிக்க முடியாத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸும் வழமையாக ஒரு கட்டளைக்கு 30 செக்கன்வரை பொறுத்திருக்கும். அதனால்தான் பிழை என்று ஒன்றும் வராமல் தாமதம் மட்டும் தெரிகிறது.

அந்த மெசேஜின் கடைசியில் ஃபைலின் பெயரும் இருக்குமே, அதில் ஒரு பொறி இருக்கிறது. மெசேஜ் வருவது ஒரு ஃபைலைத் தொடுவதற்குச் சற்று முன். எனவே 47.32 வரியில் நீங்கள் காணும் பெயர் குற்றவாளியின் பெயர் அல்ல, வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற அப்பாவியின் பெயர். குற்றவாளி அதற்கு முந்திய ஃபைல். எது முந்தியது என்று பார்க்க, அந்த அடைவின் (ஃபோல்டரின்) பட்டியலை அகரவரிசைப்படுத்தாமல், அடைவில் இருக்கிற ஒழுங்கிலேயே காட்டச் சொல்லுங்கள். அந்த ஒழுங்கில்தான் போஸ்ட்கிரெஸ்ஸும் நடந்துபோகிறது.

இதையெல்லாம் ஆராய முதல் பேக்கப். இன்றைக்கே, வேறொரு டிஸ்க்கில், அந்த டிஸ்க்கைக் கடையிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய். பிறகு டிஸ்க்கின் சுகாதார அறிக்கையை ஸ்மார்ட் கருவியால் எடுத்து 5ஆம் இலக்க வரியையும் 197ஆம் இலக்க வரியையும் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. மற்றது, பழுதாயிருக்கலாம் என்று முடிவுக்காகக் காத்திருப்பவை. 197இல் பூச்சியத்தைத் தவிர வேறெது இருந்தாலும் எனக்கு ஒரு கோல் எடுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்

ஜாவாவில் ஒரு வேலையை இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் செய்ய இரண்டு வழி இருக்கிறது ரீச்சர். ஒன்று நிலையான வீதம், மற்றது நிலையான இடைவெளி. லெக்சரர் முதலாவதுதான் சரி, மற்றது நழுவும் என்கிறார். அப்படியானால் இரண்டாவதை ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில்:

உங்கள் லெக்சரர் சொன்னது லொக் மெசேஜுக்குச் சரி. எல்லாவற்றுக்கும் சரியில்லை. உங்கள் ஊரில் வாங்கு சொல்வது நேரத்துக்கு. முந்திய தொழுகை முடிந்து இத்தனை மணித்தியாலம் என்று யாரும் எண்ணுவதில்லை. அது நிலையான வீதம் மாதிரி. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதோ மற்ற மாதிரி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் இருக்கவேண்டும். பத்து மணி மருந்தைப் பிள்ளை பன்னிரண்டுக்குத்தான் குடித்தது என்றால், அடுத்ததை அட்டவணைப்படி இரண்டு மணிக்குக் கொடுக்க முடியாது. அங்கே நழுவுவதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே திணறுகிற ஒரு சேர்வரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலை என்றால் எப்போதும் இடைவெளிதான். மூச்சுவிட விடவேண்டும்.

ஜாவாவின் நிலையான வீதத்தில் பரீட்சைக்கு வரக்கூடிய ஒன்று: ஒரு தடவை நீண்டுபோய் மூன்று தடவை தவறினால், போஸ்ட்கிரெஸ்போல விட்டுவிடாது. தவறியதையெல்லாம் அடுத்தடுத்து ஓடித் தீர்க்கப் பார்க்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஓடாது, ஆனால் இடைவெளி இல்லாமல் ஓடும். மேலே நான் சொன்ன காலிப் பாதை.

கேள்வி: மீன் வியாபாரி, அக்கரைப்பற்று

ஐஸ் அறையின் குளிரைப் பார்த்துச் சொல்ல ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், தம்பி ஒருவர் செய்து தந்தது. தொடங்கும்போது பத்து செக்கனுக்கு ஒன்று சொல்லும். முந்தநாள் 'தொடங்கி 12 செக்கன்' என்று சொன்னது. அடுத்த வரி 'தொடங்கி 187,240 செக்கன்'. பேய் பிடித்ததா ரீச்சர்?

பதில்:

கணக்குப் பார்த்தேன். 22 என்று வரவேண்டியது. கூடுதலாக வந்தது 187,218 செக்கன், அதாவது 52 மணித்தியாலமும் 18 செக்கனும். ஏறக்குறைய இரண்டு நாள் அந்தப் பெட்டி கரண்ட் இல்லாமல் கிடந்திருக்கிறதா என்று வேலைக்காரப் பொடியனிடம் விசாரியுங்கள். அதுவும் ஐஸ் அறையில். மீனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேசைக் கொம்பியூட்டரில் ஒரு நாணயம் அளவு பற்றரி இருக்கிறது, நிறுத்தினாலும் நேரம் ஓடும். ராஸ்பெரி பையில் 5ஆம் மாடலுக்கு முன் அப்படி ஒன்றும் இல்லை. 5இலும் பற்றரியை நாம்தான் வாங்கிப் பூட்டவேண்டும். ஆகவே அது எழும்பும்போது கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்தையே 'இப்போது' என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்து இன்டர்நெட் வந்ததும் சரியான நேரத்தைக் கேட்டு ஒரே பாய்ச்சலாகப் பாயும். தம்பியின் புரோகிராம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து 'இப்போது கழித்தல் தொடக்கம்' என்று கணக்கிட்டிருக்கிறது. இடையில் யாரோ சுவர் மணிக்கூட்டைத் திருப்பினால் கணக்கு என்னாகும்?

நம் வயதுக்காரருக்கு இது தெரிந்த விளையாட்டு. 1996 மேயில் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்குப் போக முடிந்ததா? பிறகு 2006 ஏப்ரலில், வருடப்பிறப்பு முடிந்த கையோடு, 15ஆம் திகதி இன்னொரு அரை மணித்தியாலம் பின்னே வந்து பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். அன்று காலை நான் ஒரு கடையில் பில் போடும் மெஷினைப் பார்க்கப் போயிருந்தேன். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே காசாளர் மணிக்கூட்டைக் கையால் அரை மணித்தியாலம் பின்னே திருப்பிவிட்டார். பில் இலக்கம் ஏறிக்கொண்டு போகிறது, நேரம் இறங்குகிறது. சீனி வாங்கிய ஒருவர், கடைக்கு வருவதற்கு முன்பே காசு கொடுத்துவிட்டார். பின்னேரம் கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே எத்தனை செக்கன் ஆனது என்று அளக்க, சுவர் மணிக்கூட்டைத் தொடாமல், எழும்பியதிலிருந்து முன்னோக்கி மட்டும் ஓடும் மணிக்கூட்டைக் கேட்கவேண்டும். லினக்ஸில் அது உண்டு, பெயர் மொனோடொனிக். பைதனிலும் 3.3ஆம் பதிப்பிலிருந்து, 2012 முதல், அதே பெயரில் கிடைக்கிறது. தம்பியிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ஒரு வரியில் மாற்றிவிடுவார். கல்முனை வாசகரின் மருமகனும் இதைக் கவனிக்கட்டும். போஸ்ட்கிரெஸ்ஸும் இந்த மெசேஜ்களுக்குச் சுவர் மணிக்கூட்டைத்தான் பார்க்கிறது என்பதால் இதைப் பெரிய பாவமாக எடுக்கவேண்டாம். பற்றரி உள்ள சேர்வரில் இப்படி 52 மணித்தியாலம் பாயாது. உங்கள் பெட்டியில் பாயும்.

கேள்வி: குடும்பத் தலைவி, ஏறாவூர்

மகனின் மடிக்கணினியில் எதைப் போட்டாலும் 99 வீதம்வரை ஓடிவந்து அங்கேயே கால் மணித்தியாலம் நிற்கிறது. ஏன்?

பதில்:

பெரும்பாலும் அந்த வீதம் எத்தனை ஃபைல் முடிந்தது என்பதன் கணக்கு. எவ்வளவு வேலை முடிந்தது என்பதன் கணக்கு அல்ல. நூறு பாத்திரத்தில் தொண்ணூற்றொன்பது தேக்கரண்டியும் ஒரு பெரிய கிடாரமும் இருந்தால் கழுவுகிறவருக்கும் இதே கதைதான்.

திரும்பவும் கல்முனை வாசகர்

(பக்கம் அச்சுக்குப் போக முதல் போனில் வந்தது. இடம் கொஞ்சம் இருந்ததால் சேர்த்துவிட்டேன்.)

ரீச்சர், 197இல் 48 இருந்தது. பேக்கப் எடுத்து, எஸ்.எஸ்.டி. (வேகமான புதுவகை டிஸ்க்) ஒன்று வாங்கிப் போட்டு, தரவுத்தளத்தை அதற்கு மாற்றிவிட்டோம். மருமகனும் நீங்கள் சொன்னபடி திருத்தினார், 10.0, 20.0, 30.0 என்று வருகிறது. ஆனால் ஒரு பயம். சோதித்துப் பார்ப்போம் என்று நேற்று வேண்டுமென்றே சேர்வரைச் சட்டென்று நிறுத்திப் போட்டேன். தரவுத்தளம் எழும்பியது, ஆனால் அந்தப் பத்து செக்கன் மெசேஜ் ஒன்றுகூட லொக்கில் வரவில்லை. மாற்றும்போது ஏதாவது செட்டிங்கைக் கெடுத்துவிட்டோமா?

பதில்:

இல்லை மனே. பத்து செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனி வேண்டுமென்று நிறுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம்.